நளன் கட்டிய அணை



இராமாயணத்தில், கிஷ்கிந்தா காண்டத்தின் முடிவில், தென்கடற்கரையில் வானரர்கள் கூடியிருக்கிறார்கள். எதிரே 100 யோசனை தூரக் கடல். யாரால் எவ்வளவு தாண்ட முடியும் என்று அங்கதன் கேட்கிறான். ஒருவர் 10 யோசனை என்கிறார், இன்னொருவர் 20 என்கிறார். "வயதாகிவிட்டது, 90 வரை போவேன்" என்கிறார் ஜாம்பவான். அங்கதன் தன்னைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறான்: 100 யோசனை போய்விடுவேன், திரும்பி வருவேனா என்பதுதான் சந்தேகம்.

அவன் வாலியின் மகன், யுவராஜன், சீதாப் பிராட்டியைத் தேடப் புறப்பட்ட அந்தக் கூட்டத்துக்கே தலைவன். தன்னால் ஆகாத காரியத்தைத் தன் கூட்டத்தில் ஒருவரான ஆஞ்சநேயர் முடித்துக்கொண்டு திரும்புகிறார். நம் அலுவலகங்களாக இருந்தால் இந்த இடத்தில் என்ன நடக்கும்? "என் மேற்பார்வையில் நடந்தது" என்று மேலிடத்துக்கு ஓர் அறிக்கை போகும். அங்கதனோ எல்லோர் முன்னிலையிலும், உமக்கு நிகர் யாருமில்லை, எங்களுக்கு உயிர் கொடுத்தவர் நீர் என்று வாய்விட்டுச் சொன்னான்.

அது உபசாரப் பேச்சு இல்லை. சுக்ரீவன் கொடுத்த ஒரு மாதக் கெடு கடந்துவிட்டது; வெறுங்கையோடு திரும்பினால் தண்டனை என்று அஞ்சி, உண்ணாமல் உயிரை விடத் துணிந்து உட்கார்ந்தவன் அவன். ஆஞ்சநேயரின் உழைப்பால் தனக்கு என்ன கிடைத்தது என்பதை அறிந்து சொன்னான். அதனால்தான் அந்தச் சொல்லுக்கு அத்தனை கனம்.

கோயிலுக்குப் போனால் ஆயிரம் நாமம் சொல்லி அர்ச்சனை செய்கிறோம். பக்கத்து மேஜையில் பத்து வருஷமாக உழைக்கிறவரின் ஒரே ஒரு பெயரை நல்லபடியாகச் சொல்ல நாக்கு எழுவதில்லை. சந்நிதியில் இருக்கிற அதே பெருமாள் அவருக்குள்ளும் அந்தர்யாமியாக இருக்கிறார் என்றுதானே நம் பெரியவர்கள் சொன்னார்கள்? பெருமாளைப் புகழும்போது நம் அகங்காரத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சக ஊழியரைப் புகழும்போதுதான் அது அடிபடுகிறது. ஆகவே இதையும் ஒரு சாதனை என்றே நான் சொல்வேன்.

சரி, இராமபிரான் என்ன செய்தார்? இராவணனோடு யுத்தம் முடிந்தது. இனி நான் செய்ய வேண்டியது என்ன என்று விபீஷணன் வந்து கேட்கிறான். பொன்னும் மணியும் கொடுத்து இந்த வானரர்களைக் கௌரவப்படுத்து என்கிறார் பிரான். கூலியைக் குறைத்துக்கொண்டு நல்ல வார்த்தையால் சரிக்கட்டப் பார்க்கும் முதலாளிகள் யுத்த காண்டத்தின் இந்தப் பகுதியை ஒருமுறை படிக்க வேண்டும்.

அதன் பிறகு புஷ்பக விமானம் கிளம்புகிறது. மேலேயிருந்து பிராட்டிக்குப் போர்க்களத்தைக் காட்டுகிறார். இராவணன் விழுந்த இடத்தைச் சொன்னதோடு விட்டுவிடலாம். பிராட்டிக்கு அது போதும். ஆனால் அவர் நிறுத்தவில்லை. பிரஹஸ்தன் விழுந்த இடம் இது. தூம்ராக்ஷனை அனுமன் முடித்தது இங்கே. வித்யுன்மாலியைச் சுஷேணன், இந்திரஜித்தை லக்ஷ்மணன். யார், எதை, எங்கே செய்தார் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார். கடலுக்கு மேல் வந்ததும் அணையைக் காட்டுகிறார். நான் கட்டுவித்தது என்கிறார். அதே மூச்சில் அதை 'நளசேது' என்கிறார். 5 நாளில் 100 யோசனைக்கு அதைக் கட்டி முடித்தவன் நளன். உலகம் இன்றைக்கு இராமர் பாலம் என்கிறது. இராமரோ நளன் பெயரைத்தான் அதற்குச் சொன்னார்.

இதில் நான் மிகவும் ரசிப்பது ஒன்று உண்டு. வானரர்களும் அதே விமானத்தில்தான் வருகிறார்கள். பிரான் பேசுவது பிராட்டியிடம். காதில் விழுவது அவர்களுக்கும். யாருக்காக இத்தனை பாடுபட்டார்களோ, அந்தப் பிராட்டிக்குத் தங்கள் பங்கு தெரிந்துவிட்டது என்பதை அவர்கள் நேரிலேயே அறிகிறார்கள்.

மாதாந்திரக் கூட்டத்தில் "எல்லாரும் நல்லா உழைச்சீங்க" என்று பொதுவாகச் சொன்னால் அது யார் நெஞ்சிலும் தங்காது. நாளைக்கு மேலதிகாரி உங்கள் பிரிவுக்கு வரும்போது, "அந்தக் கணக்கில் இருந்த பிழையைக் கண்டுபிடித்தவர் இவர்தான் சார்" என்று, அந்த ஊழியர் பக்கத்தில் நிற்கும்போதே, பெயரோடு சொல்லுங்கள்.