அழிந்த நாடாவும் அழுத மரமும்

“அந்தக் காலம் இனி வருமா?” ஐம்பது வயதைக் கடந்தவர் இருவர் சந்திக்குமிடத்தில் இக்கேள்வி எழாதிருப்பது அரிது. அண்மையில் ஒரு நிக்காஹ் வீட்டில் நம் வயதொத்த அன்பர் சிலர் கூடியிருந்தபோது, பேச்சு வானொலியின் பக்கம் திரும்பிற்று. இலங்கை வானொலியில் பாட்டு வரும் நேரம் பார்த்துக் காத்திருந்து, அதனை ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்துக்கொண்ட நாட்களை எண்ணி ஒவ்வொருவரும் உருகினர். அவ்வுருக்கம் நல்லதுதானா? சென்றதை நினைந்து ஏங்குவது ஒரு முஃமினுக்கு அழகா? அன்றி, இன்று இறைவன் அளித்திருக்கும் நிஃமத்துகளை மறக்கச் செய்யும் நன்றிகேடா? இதைச் சற்றே சிந்திப்போம்.

1980களின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் நாம் சிறுவராயிருந்தோம். திருவள்ளூர் மாவட்டம் என ஒன்று அப்போது இல்லை; 1997இல்தான் அது செங்கற்பட்டிலிருந்து பிரிந்தது. மாலை மங்கியதும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்க்குரல் கடல் தாண்டி வரும். சிற்றலையில் வரும் ஒலியாதலால், ஏரி நீரைப்போல ஏறும், இறங்கும். வானொலிப் பெட்டியின் முன்னே பதிவுக்கருவியை வைத்துக் காத்திருப்போம். இசைமுரசு நாகூர் ஹனீபா அவர்களின் குரல் எழுந்த நொடியில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். அறிவிப்பாளரின் சொல்லும், தெருவில் ஆடு கத்தும் ஓசையும் பாட்டோடு சேர்ந்தே பதிவாகும். இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேற்றுமைக்குள் நாம் இங்கே நுழையவில்லை. நாம் பேச வந்தது வேறு.

ஒலிநாடாவின் அமைப்பை அறிந்தோர் அறிவர். 60 நிமிட நாடா பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும். கருவியினுள் ஒலியைப் பதியும் முனைக்கு முன்பாக, அழிக்கும் முனை ஒன்று உண்டு. நாடா முதலில் அதனைக் கடந்து, பழையதை இழந்து, பிறகுதான் புதியதைப் பெறும். இவ்வழிவைத் தடுக்கவும் வழியிருந்தது. நாடாப் பேழையின் பின்விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால், பதிவுப் பொத்தான் கீழிறங்காது. எதைக் காக்க வேண்டுமென்று முன்கூட்டியே நினைத்தவருக்கே அந்த வழி பயன்பட்டது.

நாம் அவ்வாறு நினைக்கவில்லை. நம் தமையனார் அப்போது வளைகுடா நாடொன்றில் கூலிவேலையில் இருந்தார். அக்காலத்தில் தொலைபேசி எல்லோர்க்கும் எட்டிய பொருளன்று. கடிதத்துக்கு மாறாகக் குரலையே நாடாவில் பதிந்து, ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்பும் வழக்கம் நம் சமுதாயத்தில் பரவியிருந்தது. தமையனார் அனுப்பிய அத்தகைய நாடா ஒன்றை, அன்னையார் இஷாவுக்குப் பின் தினந்தோறும் கேட்பார். ஒருநாள் மாலை நாம் நெடுநாளாய்க் காத்திருந்த பாட்டு வானொலியில் வந்துவிட்டது. கையில் வெற்று நாடா இல்லை. கிடைத்ததை எடுத்துப் போட்டோம்.

அன்றிரவு அன்னையார் கேட்கத் தொடங்கியபோது, மகனின் ஸலாமுக்குப் பதிலாகப் பாட்டு எழுந்தது. அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “நடுவிலே சிரிப்பானே, அதுவும் போய்விட்டதா?” என்று மட்டும் கேட்டார்.

தமையனார் நலமாய் ஊர் திரும்பினார். செய்தி கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். அன்னையார் பின்னர் மறுமைப் பயணம் மேற்கொண்டார். ஹனீபா அவர்களும் 2015இல் மறைந்தார். அன்று நாம் பதிந்த பாட்டை இன்று விரல் நுனியில், அன்றைவிடத் தெளிவாகக் கேட்கலாம். அது தொலையவே இல்லை. ஓர் அன்னை இரவுதோறும் கேட்ட அந்தச் சிரிப்புதான் எங்கும் இல்லை. அன்பர்கள் பாட்டை எண்ணி உருகியபோது நாம் மௌனமாயிருந்ததற்குக் காரணம் இதுவே.

அரபியில் ஏக்கத்துக்கு ‘ஹனீன்’ என்றொரு சொல் உண்டு. குட்டியைப் பிரிந்த பெண் ஒட்டகம் எழுப்பும் குரலுக்கும் அதே சொல்தான். மதீனாப் பள்ளியில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு பேரீச்ச மரத் தண்டினருகே நின்று குத்பா நிகழ்த்தி வந்தார்கள். மிம்பர் செய்யப்பட்டு அதில் ஏறிய நாளில் அத்தண்டு ஏங்கி அழுதது. பெருமானார் இறங்கி வந்து அதனை அணைத்துத் தேற்றினார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற செய்தி. இதில் நமக்கு இரு பாடங்கள் உண்டு. பெருமானார் மரத்தின் ஏக்கத்தை எள்ளவில்லை. அதற்காக மிம்பரைக் கைவிடவும் இல்லை. இன்னொன்று, மரம் அழுதது தன் பழைய பெருமைக்காக அன்று. தன்னருகே கேட்டுவந்த திக்ருக்காக.

ஆகவே ஏக்கம் தன்னளவில் குற்றமாகாது. எதற்காக ஏங்குகிறோம் என்பதே கேள்வி. நம் இளமைக்காக மட்டும் ஏங்கினால் அது நம்மையே நாம் தடவிக் கொடுப்பதாகும். இழந்த குரலுக்காக ஏங்கினால், இருக்கின்ற குரல்களைக் காக்க அது நம்மைத் தூண்ட வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் பாடம் சொல்லிவிட்டு, பொன்னேரி வழியாக வீடு திரும்ப மாலை மின்சார ரயிலுக்குக் காத்திருப்பது நம் வழக்கம். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வருவோரில் பீகார், ஒடிசா முதலிய மாநிலத்தவர் பலர். ஒரு மாலை, எண்ணெய்க்கறை படிந்த சட்டையோடு ஓர் இளைஞர் நம்மருகே அமர்ந்து, கைப்பேசியில் ஒரு குரல் பதிவை உரக்க வைத்து மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருந்தார். சப்தத்தைக் குறைக்கும்படி சொல்ல வாயெடுத்தோம். அது ஒரு முதிய பெண்ணின் குரல் என்று அப்போதுதான் காதில் விழுந்தது. மொழி விளங்கவில்லை, விளங்க வேண்டியது விளங்கிற்று. நம் தமையனார் ஒருகாலத்தில் அயல்நாட்டில் இருந்த நிலையில் இன்று இவர் இங்கே இருக்கிறார். வாய்மூடி இருந்துவிட்டோம்.

ஒருவர் நம்மை நம்பி அனுப்பிய குரல் அமானிதம். இன்றைய கருவியிலும் அழிக்கும் முனை உண்டு. ‘இடமில்லை’ என்று அது அறிவிக்கும்போது, எண்ணிப்பாராமல் நாம் அழிப்பது எதனை? பாட்டு மீண்டும் கிடைக்கும். பெற்றோரின் குரலோ, அயலூரில் உழைக்கும் பிள்ளையின் குரலோ மீண்டும் கிடைக்குமென்ற உறுதி எவருக்குமில்லை. பதிந்து வைப்பதோடும் கடமை முடிந்துவிடாது. அவர்கள் உயிரோடு நம்மெதிரே அமர்ந்து பேசும்போது, கையிலுள்ளதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பதே அமானிதத்தின் முதற்படி.

காக்க வேண்டியதைக் காலத்தோடு அறியும் தெளிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.