கூடு பாய்ந்தவன் கேட்ட பாட்டு

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் பணம் எடுக்க வருகிறவர் எஸ்பி-7 படிவத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டுவார். கணக்குத் தொடங்கிய நாளில் வாங்கி வைத்த மாதிரிக் கையெழுத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்போம். சுழி இடித்தால் பணம் கிடையாது. எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் தெரிந்த சாட்சி ஒருவர் கூட நிற்க வேண்டும். எதிரே நிற்கிற ஆள் அந்த ஆள்தானா என்று பார்ப்பதுதான் ஓய்வு பெறும்வரை என் பிழைப்பு.

இப்போது என் பாட்டுக் கணக்கிலேயே யாரோ புகுந்துவிட்டார்கள். மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கும் செயலி அது. தேவாரப் பண்கள், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, தூக்கம் வராத இரவுகளுக்குக் கொஞ்சம் பழைய சினிமாப் பாட்டு, இவ்வளவுதான் அதில் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு நாள் திறந்தால், 'அண்மையில் கேட்டவை' என்ற இடத்தில் எந்த மொழி என்றே தெரியாத பாட்டுகள். அதிலும் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப. திருடிய கணக்குகளை இப்படி ஓடவிட்டு ராயல்டி சம்பாதிக்கிற கூட்டம் இருக்கிறது என்றாள் பேத்தி. கணக்கில் இருந்த மெயில் முகவரியையும் மாற்றியிருந்தார்கள்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது சாத்தனூர். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்த கதைதான். மேய்ச்சல் காட்டில் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்கிறான். பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. கயிலையிலிருந்து வந்த யோகி ஒருவர் மனம் பொறுக்காமல் தம் உடம்பை ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு மூலன் உடம்புக்குள் புகுகிறார். பசுக்கள் மகிழ்ந்து துள்ளி மேய்கின்றன. மாலையில் அவை வீடு திரும்ப, அவரும் பின்னால் போகிறார். அங்கே மூலனின் மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது, வந்திருப்பவர் தன் கணவராக நடந்துகொள்ளவில்லை என்று. மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிறாள்.

பசுக்கள் உடம்பைப் பார்த்தன, அவள் இயல்பைப் பார்த்தாள். நம் செயலிகள் பெரும்பாலும் பசுக்களின் கட்சி. பாஸ்வேர்டு சரியாக இருந்தால் உள்ளே வந்தவர்தான் உரிமையாளர். சில நிறுவனங்கள் புது ஊரிலிருந்து யாரேனும் நுழைந்தால் சந்தேகப்பட்டு மெயில் அனுப்புகின்றன. அதுகூட ஊரையும் நேரத்தையும் கணக்குப் பார்த்து வரும் சந்தேகம்தான். என் விஷயத்தில் அதுவும் வரவில்லை.

மீட்கப் போனபோது கதை வெண்ணெய்நல்லூருக்கு மாறியது. வாடிக்கையாளர் சேவையில் இருந்தவர் நான் யார் என்று கேட்கவில்லை. கடைசியாக எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள், ரசீது எண் என்ன, கார்டின் கடைசி நான்கு இலக்கம் என்ன என்றார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். சுந்தரரின் திருமணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை" என்று ஓலை நீட்டிய வழக்கை நினைத்துப் பாருங்கள். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். வெண்ணெய்நல்லூர்ச் சபை, சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்ததாகக் கிழவர் சொன்ன அந்த மூலவோலையை வாங்கி, பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு எழுத்தை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறது. எஸ்பி-7க்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தைய நடைமுறை!

இந்த வழக்கில் படிப்பதற்கு இன்னொன்றும் இருக்கிறது. செயலியின் பாஸ்வேர்டு படியோலை. அதைக் கிழித்துப் புதிது எழுதலாம். ஆனால் புதிது எழுதும் இணைப்பு போய்ச் சேர்வது மெயிலுக்கு. மூலவோலை அங்கே இருக்கிறது. அதனால்தான் பேத்தி முதலில் மெயிலின் பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டாள். பிறகுதான் சேவையாளர் மீட்டுத் தந்த செயலிக் கணக்குக்கு வந்து, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானை அழுத்தினாள். அதில் திருடனோடு சேர்ந்து நானும் வெளியே போனேன். உரிமையாளரும் மறுபடி வாசலில் நின்று தன்னை நிரூபித்துத்தான் நுழைய வேண்டியிருந்தது.

கணக்கு வந்துவிட்டது. ஆனால் செயலி இன்னும் திருடனுக்கே பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. 'உங்களுக்காக' என்று அது வரிசைப்படுத்தியதில் தோடியும் இல்லை, பண்ணும் இல்லை. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும் என்பது சைவ சித்தாந்தம். செயலிக்குள் இருந்த என் சாயலும் அப்படித்தான் புகுந்தவனின் வண்ணமாகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "இது நான் இல்லை" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டே நூற்பாக்களில் செய்த சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பா, உயிர் என்று ஒன்று உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. முதல் காரணமே இந்த மறுப்புதான். ஒவ்வொன்றாகக் காட்டி இது இல்லை, இது இல்லை என்று தள்ளுகிற ஒன்று இருக்கிறதே, அதுதான் உயிர் என்கிறார். அடுத்த காரணம் இன்னும் கூர்மை: என் உடம்பு என்று சொல்கிறோம் அல்லவா, அப்போதே உடையவன் வேறு, உடைமை வேறு ஆகிவிட்டது. அப்படியானால் திருடனின் பட்டியல் மட்டுமல்ல, என் பழைய பட்டியலும் நான் இல்லை. தோடியை எனக்குப் பிடிக்க வைத்தவர் என் அப்பா. பண்களைப் பழக்கியது எங்கள் ஊர்க் கோயில் ஓதுவார். அதுவும் சார்ந்ததன் வண்ணமே. மூலனின் மனைவி பார்த்த இயல்புகூட ஆளின் கடைசிச் சான்று ஆகாது.

"அப்புறம் எதுக்கு தாத்தா இவ்வளவு பாடு? புது அக்கவுன்ட் ஓப்பன் பண்ணிட்டாப் போச்சு" என்றாள் பேத்தி. நியாயமான கேள்வி. உடைமையில் பற்று வைப்பது, உயிரைப் பிணிக்கும் மலம் என்ற அழுக்கின் வேலை என்று என்னையே நான் கண்டித்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உடம்பு, கருவிகள், உலகம், நுகர்பொருள் நான்கையும் உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் கொடுத்தான் என்பது சித்தாந்தம். எதுவும் நான் அல்ல. அதற்காக எதையும் அலட்சியமாக விட்டுவிடவும் முடியாது. கொடுத்ததைக் காப்பது பற்று ஆகாது, பொறுப்பு. சாத்தனூருக்கு வந்த அந்த யோகி திரும்பிப் போய்த் தேடியபோது தம் உடம்பைக் காணவில்லை. கிடைத்த இடையன் உடம்போடு திருவாவடுதுறைக்குப் போய் உட்கார்ந்து திருமந்திரம் பாடினார் என்கிறது சேக்கிழாரின் புராணம். உடம்பைப் பேணச் சொன்னவரும் அந்த யோகியான திருமூலர்தான்.

ஆகவே பாட்டுக் கணக்கை மீட்பது பற்றறுத்தவர்களுக்கு ஒவ்வாத காரியம் என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். மெயிலுக்கு வேறெங்கும் புழங்காத நீண்ட பாஸ்வேர்டு ஒன்று போடுங்கள். சந்தா ரசீதுகளை அழிக்காதீர்கள். வழக்கு வந்தால் அவைதான் பேசும். கணக்கோடு இணைத்திருக்கும் வேண்டாத செயலிகளை நீக்குங்கள். உள்ளே திரும்பியதும், புகுந்தவன் கேட்டவற்றின் வரலாற்றையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் செயலி அவனுக்கே பாடிக்கொண்டிருக்கும்.