தணலில் கனியும் தூபம்!

செவ்வாய், வெள்ளி மாலைகளில் வாசல் தெளித்து, கோலமிட்டு, விளக்கேற்றி, வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுகிறோம். அந்த மணம் பரவினாலே, அம்பாள் வீட்டுக்குள் வந்துவிட்டாள் என்று மனசுக்கு ஒரு நிறைவு!

ஆனால், சில வீடுகளில் அதே நேரத்தில் மாமியார் இருமத் தொடங்குவார். குழந்தை கண்ணைக் கசக்கும். 'சாமி காரியம்... கொஞ்சம் பொறுத்துக்கோ' என்று சொல்லிவிட்டு, புகையை இன்னும் கூட்டுகிறோம். இது சரிதானா?

காற்றுக்குரிய உபசாரம்

சந்தனம், பூ, தூபம், தீபம், நைவேத்தியம் - இவை பூஜையின் ஐந்து உபசாரங்கள். சந்தனம் மண்ணுக்கும், பூ ஆகாயத்துக்கும், தூபம் வாயுவுக்கும், தீபம் அக்னிக்கும், நைவேத்தியம் அமிர்தத்துக்கும் உரியவை என்பது மரபு. ஆக, தூபத்தில் நாம் சமர்ப்பிப்பது புகையை அல்ல. மணம் நிறைந்த காற்றை! வீட்டில் உள்ளவர்கள் சுவாசிப்பதும் அதே காற்றைத்தானே?

தாலி கொடுத்து வாங்கிய குங்கிலியம்

தூபம் என்றதும் நினைவுக்கு வருபவர் குங்கிலியக்கலய நாயனார். திருக்கடவூரில் வாழ்ந்த இவர், ஈசனுக்குத் தினமும் குங்கிலிய தூபம் இடுவதை விரதமாகக் கொண்டவர். இவருடைய கதையைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் பெருமான் விரிவாகச் சொல்கிறார்.

குடும்பத்தில் வறுமை சூழ்ந்தது. பிள்ளைகளும் சுற்றத்தாரும் பசியில் வாடினர். மனைவி தன் தாலியைக் கழற்றிக் கொடுத்து, நெல் வாங்கி வரும்படி அனுப்பினார். வழியில் குங்கிலியப் பொதியோடு ஒரு வணிகர் எதிர்ப்பட, கலயர் பொன்னைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்!

அன்றிரவு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. பசியோடு படுத்திருந்த அந்த அம்மையின் கனவில் இறைவன் அருள் செய்தார். குபேரன் வீடெங்கும் பொன்னும் நெல்லும் குவித்தான். கோயிலில் இருந்த கலயரிடமும், வீட்டுக்குப் போய்ப் பசியாறும்படி இறைவனே சொன்னார். தூபத்தை ஏற்றுக்கொண்ட ஈசன், அந்த வீட்டின் பசியையும் பார்த்தார். வீட்டில் உள்ளவர்களை வருத்தும் தூபத்தையா அவர் கேட்கப் போகிறார்?

காயத்தில் பிறக்கும் மணம்

கருங்குங்கிலியம், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் மரத்தின் பிசின். சாம்பிராணி, சுமத்ரா தீவு போன்ற இடங்களிலிருந்து வருவது. சாம்பிராணி மரத்தின் பட்டையில் கீறினால்தான் பால் சுரக்கும். காயம் படாத மரத்தில் அது இல்லை. அந்தப் பால் இறுகியதுதான் நாம் வாங்கும் கட்டி. உடைத்துப் பார்த்தால், செம்பழுப்பு நிறத்துக்குள் பாதாம் பருப்பை நறுக்கிப் பதித்தது போல வெள்ளைத் துண்டுகள் தெரியும்.

இதை நேராகத் தீச்சுவாலையில் போட்டால் கரும்புகையும் கருகல் நெடியும்தான் மிஞ்சும். தேங்காய் ஓட்டுக் கரியைப் பற்றவைத்து, சுவாலை முழுவதும் அடங்கி, மேலே வெண்சாம்பல் படரும் வரை காத்திருங்கள். நீறு பூத்த அந்தத் தணலில் ஒரு சிட்டிகை தூவினால் போதும். பிசின் மெள்ள உருகி, இனிய மணமாகக் கிளம்பும். கற்பூரம் எரிய வேண்டும். தூபம் கனிய வேண்டும்!

இப்போது பலர் வீடுகளில் கம்ப்யூட்டர் சாம்பிராணியும் கப் சாம்பிராணியும்தான். அவசரத்துக்கு வசதி, தவறில்லை. ஆனால் அவற்றில் கரித்தூள், மரத்தூள், வாசனைப் பொருட்கள் சேர்ந்திருக்கும் என்பதால், பிசினின் மணத்தை அப்படியே எதிர்பார்க்க முடியாது.

சிட்டிகையே போதும்

இயற்கைத் தூபம் என்றாலும் புகை புகைதான். அடைத்த அறையில் கரித்தணல் ஆபத்தானது. எனவே தூபம் காட்டும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள் இருக்கும் அறையைத் தவிர்த்து விடுங்கள். தூபக்காலைப் பூஜையறையில் மட்டும் காட்டி, மற்ற இடங்களுக்குப் பூவாசமே போதும் என்று விட்டுவிட்டால் பூஜைக்குக் குறை வராது.

அளவோடு இருக்க இன்னொரு காரணமும் உண்டு. ராஜஸ்தான், குஜராத்தின் வறண்ட நிலங்களில் வளரும் குக்குலு செடி, பிசினுக்காக அளவுக்கு மீறிக் கீறப்பட்டதால் பட்டுப்போகிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. நாம் தூவும் ஒவ்வொரு சிட்டிகையும் ஒரு மரத்தின் காயம் என்பதை மறக்கலாமா?

ஆவணி மூலம், குங்கிலியக்கலய நாயனாரின் குருபூஜை நாள். அன்று ஜன்னலைத் திறந்து வைத்து, நீறு பூத்த தணலில் ஒரு சிட்டிகை குங்கிலியம் இடுங்கள். கலயரோடு, தாலியைக் கழற்றித் தந்த அந்த அம்மையையும் நினைத்துக் கும்பிடுங்கள். பிறகு, வீட்டில் எல்லோருக்கும் வயிறாரப் பரிமாறி, மறக்காமல் நீங்களும் சாப்பிடுங்கள்!