ஓடும் பெல்ட்டில் நிலக்கரியை நிறுப்பது

இலங்கையின் நுரைச்சோலை லக்விஜய அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி கடல்வழியாகவே வருகிறது. பெரிய கப்பல்கள் கரையை அண்ட முடியாது. தூரத்தில் நங்கூரமிட்டு நிலக்கரியைத் தட்டைப் படகுகளில் இறக்குகின்றன. அது இறங்குதுறையில் பெல்ட்டில் ஏறி முற்றத்துக்குப் போகிறது. 2011இல் முதல் அலகும், 2014 அளவில் மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாட்டும் என்று வளர்ந்த நிலையம் இது. ஆண்டுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேல் எரிக்கிறது. நூற்றுக்கு ஒன்று பிசகினாலே 20,000 தொன் கணக்கில் வராமல் போகும்.

இப்படி நிற்காமல் ஓடும் சரக்கைத் தட்டில் வைத்து நிறுக்க வழியில்லை. அதனால் பெல்ட்டைத் தாங்கும் உருளைகளில் ஒன்றின் அடியில் லோட் செல் பொருத்துகிறார்கள். பாரம் அழுத்தும்போது அதற்குள் இருக்கும் உலோகம் மிக நுண்ணிய அளவில் வளையும். அந்த வளைவு மில்லிவோல்ட் அளவிலான மின்சமிக்ஞையாக வெளிவரும். பெல்ட்டின் வேகத்தை இன்னொரு உணரி துடிப்புகளாகத் தரும். ஒரு மீட்டரில் 200 கிலோ, வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்றால், நொடிக்கு 400 கிலோ, மணிக்கு 1,440 தொன்.

இந்தப் பெருக்கலைச் செய்வது எடைத் தொகுதி. உதாரணமாக, சீமென்ஸின் சைவாரெக்ஸ் டபிள்யூபி241 தொகுதி, எஸ்7-1200 பிஎல்சியின் (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) பக்கத்திலேயே செருகிக்கொள்ளும். கணக்கு தொகுதிக்குள்ளேயே நடக்கும். பிஎல்சி விடையை வாசிக்கும், கட்டளை கொடுக்கும். பெல்ட்டின் நீளம், ஒரு மீட்டருக்கு எத்தனை துடிப்பு, எடை உருளை தாங்கும் நீளம் எவ்வளவு என்பனவற்றை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இவை தரவுத் தொகுப்புகளாக முழுதாகவே எழுதப்படுகின்றன. எனவே ஒரே ஒரு எண்ணை மாற்றுவதற்கும், முதலில் தொகுப்பை வாசித்து, அதில் திருத்தி, முழுவதையும் திருப்பி எழுத வேண்டும். வாசிக்காமல் எழுதினால் சரியாக இருந்த மற்ற எண்களும் அழிந்துபோகும்.

அடுத்தது பூச்சியம்: வெறும் பெல்ட் என்றால் சுமை இல்லை என்று தராசுக்குக் கற்பிப்பது. என் கணிப்பில் வேலையின் பாதி இதுதான். கடைத் தராசில் வெறுந்தட்டு சற்றுச் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு விற்பனையிலும் ஒருமுறைதான் நட்டம். பெல்ட் தராசோ ஒவ்வொரு நொடியும் கூட்டிக்கொண்டே போகிறது. மீட்டருக்கு அரைக் கிலோ பிசகு, நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில், மணிக்கு 3.6 தொன், ஒரு நாளில் 86 தொன்னுக்கு மேல். பெல்ட் வெறுமையாக ஓடினாலும் இந்தக் கணக்கு ஏறும்.

பெல்ட் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பாக இராது. ஒட்டுப்போட்ட இடம் கனக்கும். ஆகவே பூச்சியம் எடுக்கும்போது வெறும் பெல்ட்டை முழுச் சுற்றுகளாக ஓடவிட வேண்டும்; பாதிச் சுற்றில் நிறுத்தினால் ஒட்டின் பாரம் சராசரியைக் கெடுக்கும். அதன் பின்னரே அளவுத்திருத்தம். அறிந்த எடைக்கற்களைத் தொங்கவிட்டுச் செய்யலாம். ஆனால் வேறு தராசில் நிறுத்த நிலக்கரியையே பெல்ட்டில் ஓடவிட்டுப் பார்ப்பதைத்தான் நான் நம்புவேன். பெல்ட்டின் இழுவிசையும் உருளைகளின் தேய்வும் எடைக்கல்லில் முழுதாகத் தெரியாது.

தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பலிலிருந்து இறக்குவது நின்றுவிடும். உப்புக்காற்றில் சும்மா கிடக்கும் இறங்குதுறைப் பெல்ட் விறைக்கும், உருளைகள் துருப்பிடிக்கும், பூச்சியம் நகர்ந்திருக்கும். பருவம் தணிந்து முதல் படகு வருவதற்கு முன்பே உருளைகளைச் சுத்தம் செய்து, வெறும் பெல்ட்டை நன்றாக ஓடவிட்டு, பூச்சியத்தைப் புதிதாக எடுக்க வேண்டும்.