‘ஸாரி’ என்னும் சொல்



நம் பேச்சில் வந்து குடியேறிய ஆங்கிலச் சொற்களில் ‘ஸாரி’யைப்போல் ஓயாமல் உழைக்கும் சொல் வேறொன்று உண்டோ? பஸ்ஸில் பிறர் காலை மிதித்தால் ஸாரி. கடனுக்குத் தவணை சொன்னால் ஸாரி. ஆங்கிலம் பேசுவோரோ இன்னும் பல விதமாய் அதை வழங்குகின்றனர். காதில் சரியாய் விழாததைத் திரும்பக் கேட்பதற்கும் அதுவே. சாவு வீட்டில் துக்கம் விசாரிப்பதற்கும் அதுவே. கேட்ட உதவியை மறுப்பதற்கும் அதுவே. பரிதாபமான நிலையைச் சுட்டுவதற்கும் அதுவே. குற்றத்திற்கு மன்னிப்பு வேண்டுவதற்கும் அதுவே.

பல கை மாறிய காசைப்போல் அச்சொல் தேய்ந்துவிட்டது. ஆனால் அதன் பிறப்பைக் கேளுங்கள். பழைய ஆங்கிலத்தில் ‘ஸார்’ என்றால் புண், வலி. அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததே ‘ஸாரி’. ஆகவே, “என் உள்ளம் நோகிறது” என்பதே அதன் ஆதிப்பொருள்.

நாம் சொல்லும் ஸாரியில் அந்த நோவு உண்டா?

பாவசங்கீர்த்தனத்திற்கு வேண்டிய மனஸ்தாபம் இன்னதென்று 1551-ம் ஆண்டில் திரிதெந்து பொதுச்சங்கம் தெளிவாய்ப் போதித்தது. பாவத்தைக் குறித்து ஆத்துமத்தில் வேதனை, அதன்மேல் வெறுப்பு, இனிச் செய்யேன் என்ற பிரதிக்கினை: இவையே மனஸ்தாபம். ஆங்கிலத்தில் மனஸ்தாப மந்திரம் சொல்லும் நம் பிள்ளைகள், இந்த ‘ஸாரி’ என்ற சொல்லைத்தான் சர்வேசுரனுக்கு முன்பாக உச்சரிக்கிறார்கள். அங்கே அது வெறும் மரியாதை வார்த்தையன்று.

ஆயக்காரனான சக்கேயுவைப் பாருங்கள். சேசுநாதர் தன் வீட்டுக்கு வந்தபோது அவன் வாயால் மட்டும் வருந்தவில்லை. தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், வஞ்சித்து வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்புவதாகவும் வாக்களித்தான். மெய்யான மனஸ்தாபம் பணப்பையையும் திறக்கும்.

நாமோ, “ஸாரி, ஆனால் நீ மட்டும் யோக்கியமா?” என்கிறோம். அந்த ‘ஆனால்’ வந்தவுடனே மன்னிப்பு மறுபடியும் வழக்காகிவிடுகிறது. ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள் ஒரு முழ வரப்புக்காகப் பேச்சை நிறுத்திவிட்டு, ஒரே பூசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் முழங்காலிடுவது தகுமா? சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் அவனோடு சமாதானமாகும்படி ஆண்டவர் கற்பிக்கவில்லையா? குடும்பத் தலைவர்களே, பஸ்ஸில் அந்நியனிடம் தாராளமாய்ச் சொல்லும் வார்த்தையை, கண்கலங்க வைத்த மனைவியிடம் சொல்ல மட்டும் ஏன் நாக்குக் கூசுகிறது? தகப்பன் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்த பிள்ளைக்கு, மனஸ்தாபம் இன்னதென்று தனியே ஞானோபதேசம் வேண்டியதில்லை.

ஆகையால், வருகிற சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டியை அணுகுமுன், யாருடைய வாசலுக்கு முதலில் போகவேண்டும் என்று யோசியுங்கள். போய், ‘ஆனால்’ இல்லாமல் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள். திருப்பித் தரவேண்டியது இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

ஆண்டவர் உங்கள் இல்லங்களில் சமாதானத்தைப் பொழிவாராக.

உங்கள் பங்குக் குரு