கேரம் போர்டு பக்கத்தில் ஒரு வேலை

“ஊர்ப் பசங்களோடு உட்கார்ந்து பேசுவதெல்லாம் ஒரு உத்தியோகமா?” என்று, நீ இளைஞர் பணியாளராகப் போவதைக் கேட்டுச் சித்தப்பா சிரிக்கிறாரா? சிரிக்கட்டும். அவர் வீட்டுப் பிள்ளைக்குக் கவுன்சலிங் தேதி வரும்போது உன்னைத்தான் தேடுவார்!

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022-ல் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024-ல். முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை. எல்லாம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த கையோடு மில் வேலைக்குக் கிளம்பும் பிள்ளையிடம் போய்ச் சொல்ல ஆள்தான் இல்லை. சொன்னால் மட்டும் போதுமா? வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. ஒன்றில் இனிஷியல் மாறியிருந்தால் தீர்ந்தது. இ-சேவை மையத்துக்கு அலைந்தே ஜூன் மாதம் போய்விடும். அதற்குள் வீட்டில் யாராவது மில்லில் முன்பணம் வாங்கிவிட்டால் அந்தப் பிள்ளையின் படிப்பு அவ்வளவுதான். அந்த ஜூனில் கூடவே வரிசையில் நிற்க ஒருவர் வேண்டும். நீ நில்!

இதற்கு நல்ல மனசு மட்டும் போதாது, தொழில் தெரிய வேண்டும். முதல் மாதம் அறிவுரையே கூடாது. கட்சி ஆளா, போலீஸ் ஆளா என்று சந்தேகப்படுவார்கள். பேசாமல் கேரம் போர்டு பக்கத்தில் உட்கார், நாலு ஆட்டம் தோற்றுப்போ. ஒருநாள் தானாக வரும்: “அண்ணா, ஏழு அரியர் இருக்கு, வீட்டில் தெரியாது.” பெண்பிள்ளை என்றால் “அக்கா” என்று தொடங்கி, பாதியில் நிறுத்துவாள். அவசரப்படுத்தாதே. கேட்டதை ஊரில் பரப்பாதே. ஆனால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க உனக்கு உரிமை இல்லை, 1098-ஐக் கூப்பிடு. இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று அறிந்தவரே இந்த வேலைக்கு லாயக்கு.

படிக்க இடமா இல்லை? மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952-லிருந்து இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம். 2012-ல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றித் தேசிய முக்கியத்துவம் தந்த இடம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் குளம் தூர்வாரியதோடு நின்றுவிட்டவர்கள் ஏராளம். (போட்டோ மட்டும் எடுத்தவர்கள் இன்னும் ஏராளம்!) நீ அதைத் தாண்டி வா.

தொடக்கச் சம்பளம் குறைவுதான். ஐ.டி.க்குப் போன நண்பனோடு ஒப்பிட்டுக் குமையாதே. கேட்க வேண்டியதைக் கேள். எவ்வளவு, எத்தனை மாத ஒப்பந்தம், பி.எஃப். உண்டா என்று நேர்முகத்திலேயே கேள். சேவைக்கு வந்தவர் பணம் பேசலாமா என்று யாராவது இழுத்தால், அந்த நிறுவனத்தின் பட்ஜெட்டில் வாடகைக் காருக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அடுத்த கேள்வியைப் போடு!