ராத்திரியோடு ராத்திரியாக

இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ஒரு வகை ஆசாமிகள் இருக்கிறார்கள். லீவு நாளில் வீட்டுத் தோட்டத்தில் மண்டியிட்டு, ரோஜாச் செடிகளுக்கு நடுவே ரயில் விடுகிறவர்கள். பொம்மை ரயில்தான். ஆனால் பொம்மை என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 45 மில்லிமீட்டர், வெயில் மழைக்கு அசராத பித்தளை. ஜெர்மனியின் லேமன் கம்பெனி 1968-ல் எல்.ஜி.பி. என்ற பெயரில் இந்த அளவு வண்டிகளை விற்க ஆரம்பித்தபின் இந்தப் பைத்தியம் ஊர் ஊராகப் பரவியது.

ரயில் ஓடத் தொடங்கிய மறுநாளே, ‘இன்னும் கொஞ்சம் நீட்டினால் என்ன?’ என்று தோன்றும். ஆப்பிள் மரத்தைச் சுற்றி ஒரு பத்து மீட்டர். தனி ஆளாகச் செய்கிற காரியமில்லை. மண்ணைத் தோண்டி, ஜல்லி கொட்டிக் கெட்டித்து, ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மீட்டருக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றம் இருந்தால் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். பித்தளை வேறு வெயிலில் நீளும். 30 டிகிரி சூடு ஏறினால் பத்து மீட்டர் தண்டவாளம் கிட்டத்தட்ட ஆறு மில்லிமீட்டர் வளரும். காலையில் இடைவெளி விடாமல் இறுக்கிப் பூட்டினால் மத்தியானம் நெளிந்து கிடக்கும். ஆகவே நண்பர்களுக்கு போன் பறக்கிறது. சனிக்கிழமை வாங்கப்பா, டீயும் சாண்ட்விச்சும் என் பொறுப்பு.

இனிமேல்தான் விஷயம்.

வந்த நாலு பேரில் ஒருவருக்குக் கை கொஞ்சம் கோணல். எந்தக் கோஷ்டியிலும் அப்படி ஒருத்தர் உண்டு, ஆர்வமும் அவருக்குத்தான் ஜாஸ்தி. மரத்தடி வளைவை நான்தான் போடுவேன் என்று அடம்பிடித்து, முழங்காலெல்லாம் மண்ணாக மூணு மணி நேரம் உழைக்கிறார். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு வீட்டுக்காரர் வண்டியை விட்டுப் பார்க்கிறார். அந்த வளைவில் ஒவ்வொரு தடவையும் கடைசிப் பெட்டி தடம் புரள்கிறது.

இவருக்கு அது அரைமணி நேர வேலை. டார்ச் வைத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகச் சரி பண்ணிவிடலாம். அடுத்த சனிக்கிழமை நண்பர் வருவார். வண்டி வழுக்கிக்கொண்டு போகும். ‘நான் போட்டதாக்கும்!’ என்று பூரிப்பார். யாருக்கும் நஷ்டமில்லை. செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம் என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். மனுஷன் மனசு நோகக் கூடாதே! மகள் மடித்து வைத்த துணியை, அவள் ஸ்கூலுக்குப் போனதும் பிரித்து மடிக்கிற அம்மாக்கள் எத்தனை பேர்! அதெல்லாம் அன்புதான், மறுக்கவில்லை. ஆனாலும் இதில் ஒரு சின்ன அவமரியாதை ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. பொய்யைக்கூட மன்னித்துவிடலாம். மூணு மணி நேரம் அந்த மனிதரைச் சும்மா விளையாட்டுக் காட்டி உட்காரவைத்திருந்தோம் என்றல்லவா ஆகிறது? குழந்தையை மடியில் வைத்து ஸ்டியரிங்கைத் தொடவிட்டு, ‘நீதான்டா ஓட்டுறே’ என்கிறோமே, அந்த மாதிரி.

அரிஸ்டாட்டில் தன் நிகோமாகிய அறவியலின் பத்துப் பாகங்களில் இரண்டை நட்புக்கே ஒதுக்கியவர். அவரவர் எதற்காக வாழ ஆசைப்படுகிறார்களோ அதை நண்பர்களோடு செய்யத்தான் விரும்புகிறார்கள் என்கிறார். சிலர் சேர்ந்து குடிப்பார்கள், சிலர் சேர்ந்து பகடை உருட்டுவார்கள், சிலர் சேர்ந்து தத்துவம் பேசுவார்கள். குடியையும் தத்துவத்தையும் அவர் ஒரே வரிசையில் நிறுத்தியது எனக்குப் பிடிக்கும். ‘சேர்ந்து’ என்பதைக் கவனியுங்கள். டார்ச் வெளிச்சத்தில் செய்கிற ரிப்பேரில் அது கிடையாது.

2009-ல் ஜேம்ஸ் மே என்ற இங்கிலாந்து டி.வி.க்காரர் பார்ன்ஸ்டபிளிலிருந்து பிடஃபோர்டு வரை, முன்பு நிஜ ரயில் ஓடிய தடத்தில், சுமார் 10 மைலுக்குப் பொம்மைத் தண்டவாளம் போடவைத்தார். ஏகப்பட்ட தன்னார்வலர்கள் வந்து உழைத்தார்கள். ஒரு வண்டிகூடப் போய்ச் சேரவில்லை. கேமராவை அணைத்துவிட்டு, கையில் தூக்கிப்போய்க் கடைசி ஸ்டேஷனில் வைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? தோற்றதை அப்படியே காட்டினார்கள். 2011-ல் மறுபடி ஆட்களைக் கூட்டிப் போட்டார்கள். அந்தத் தடவை வண்டி போய்ச் சேர்ந்தது.

அதற்காகப் பார்க்கிற கோணலையெல்லாம் சொல்லித்தான் ஆகவேண்டுமா என்றால், இல்லை. வண்டி ஒழுங்காக ஓடுகிறது, பார்க்கத்தான் லட்சணமாக இல்லை என்றால் வாயை மூடிக்கொண்டு விட்டுவிட வேண்டியதுதான். தோட்டம் உங்களுடையது, வளைவு அவருடையது. சமையலறை ஜன்னல் வழியே தினமும் அந்த அவலட்சணத்தைப் பத்து வருஷம் பார்த்துக்கொண்டிருப்பதும் நட்பில் சேர்த்திதான். உண்மையைச் சொல்வதைவிட இது கஷ்டம் என்று நினைக்கிறேன்.

தடம் புரண்டால் மட்டும் பேச்சு. அதுவும் போனில் வேண்டாம். அடுத்த சனிக்கிழமை அவர் வரட்டும். டீயைக் கையில் கொடுத்துவிட்டு வண்டியை விடுங்கள். பெட்டி கவிழட்டும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சில பேர் கோபித்துக்கொண்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போகலாம், அந்த ரிஸ்க் இருக்கிறது. பெரும்பாலும் மனுஷன் குனிந்து ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பார். அப்புறம், “அந்த ரசமட்டம் எங்கப்பா?” என்பார்.